வெளியாருக்கு இடமில்லை என்ற அறிவித்தல்: சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பிரான்சில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்தின் மண்டபக் கதவில் நீங்கள் ஒட்டிய அறிவித்தலைப் பற்றி எழுதுகிறேன். “சங்க மண்டபம் இனி நம் சமூகத்தவரின் நிகழ்வுகளுக்கு மட்டுமே. வெளியார் கலந்துகொள்ளும் கூட்டங்களுக்கு இடம் தரப்படமாட்டாது.” வெளியார் வந்துபோன கூட்டம் எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டம் ஒன்றுதான். ஆகவே அறிவித்தல் யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்று யோசிக்கத் தேவையில்லை. செயலாளருக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வாசலில் வைத்து வாயால் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, இந்தச் சங்கம் நம்மவர் இரவு பகலாக உழைத்துக் கட்டியது. மற்றது, “பிரெஞ்சுக்காரன்ர தத்துவம் எங்கட சனத்துக்கு என்னத்தைக் கிழிக்கப்போகுது?”

இரண்டாவது கேள்வியை நான் குறையாக எடுக்கவில்லை. நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் முதலாவதற்கும் சேர்த்தே பதில் சொன்னதாகிவிடும். ஏனென்றால் கடந்த குளிர்காலம் முழுக்க அந்த மண்டபத்தில் நாங்கள் வாசித்ததே, ஒரு சனம் ஒன்றாயிருப்பது என்றால் என்ன, அதற்கு யார் சொந்தக்காரர் என்பதைத்தான்.

1983இல் பிரெஞ்சு எழுத்தாளர் ழான்-கிறிஸ்தோஃப் பாய்யி தான் நடத்திய ‘அலேயா’ என்ற சஞ்சிகையின் ஓர் இதழுக்குச் சமூகம் என்பதைப் பொருளாக வைத்தார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த ழான்-லுக் நான்சி அதற்கு ஒரு நீண்ட கட்டுரை கொடுத்தார். எழுத்தாளர் மொரிஸ் பிளான்ஷோ அதை வாசித்துவிட்டு அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு சிறு புத்தகத்தையே பதிலாக வெளியிட்டார். நான்சியின் கட்டுரை 1986இல் விரிந்து நூலானது. 2001இலும் 2014இலும் அவர் மறுபடி அதே விவாதத்துக்குத் திரும்பி வந்தார். கம்யூனிசத்தின் மேல் இருந்த நம்பிக்கை உடைந்துகொண்டிருந்த காலம் அது. ஒன்றாயிருப்பது பற்றிப் பேசினாலே சர்வாதிகாரத்தில் போய் முடியும் என்று ஒரு பக்கம் பயம். அவரவர் பாடு அவரவருக்கு என்று மறுபக்கம் ஒரு வறட்சி. இரண்டையும் ஏற்கமுடியாதவர்கள் எழுதியவை இவை.

நான்சி முதலில் கைவைப்பது ஏக்கத்தில். முன்னொரு காலத்தில் மனிதர்கள் நெருக்கமாக, ஒரே உயிராக இருந்தார்கள், இப்போது அது தொலைந்துவிட்டது என்ற கதையை ஒவ்வொரு காலமும் தனக்கு முந்தைய காலத்தைப் பற்றிச் சொல்லிவந்திருக்கிறது என்கிறார். தத்துவவாதி ரூசோ 18ஆம் நூற்றாண்டிலேயே அதைச் சொல்லி ஏங்கினார். தொலைந்ததாகச் சொல்லப்படும் அந்த ஒற்றுமை ஒருபோதும் இருந்ததில்லை என்பதே நான்சியின் வாதம்.

இதை வாசித்த அன்று எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நம் ஆண்டுவிழாவில் தலைவர் அண்ணையின் உரை எப்படித் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: ஊரில் ஒரே குடும்பமாக இருந்தோம், இங்கே வந்துதான் சிதறிப்போனோம். சரி, அண்ணை. எங்கள் ஊரில் எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளலாம், எந்தக் கோயிலில் யார் எதுவரை போகலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் எங்கள் வீட்டுக்கு இடம் எங்கே இருந்தது என்று நான் இங்கே விபரிக்கப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது இன்னும் கடினமானது. சமூகத்தைக் கட்டியெழுப்புவோம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், ஏதோ கட்டடம் எழுப்புவதுபோல. நான்சி அந்த எண்ணத்தைத்தான் சந்தேகிக்கிறார். ஒரு மக்கள் கூட்டம் தன்னுடைய சாரம் இதுதான் என்று தீர்மானித்து, அந்தச் சாரத்தையே தன் உற்பத்திப் பொருளாக ஆக்கிக்கொண்டால், அதில் பொருந்தாதவர் எல்லோரும் இடைஞ்சலாகத் தெரிவார்கள். அவர்களை அகற்றுவது அந்த வேலையின் ஒரு பகுதியாகிவிடும். அந்தத் தர்க்கம் கடைசியில் தன்னையும் சேர்த்தே அழிக்கும். ஹிட்லரின் நாஜி ஜெர்மனியை மனதில் வைத்து அவர் எழுதிய பக்கங்கள் இவை.

எங்களுக்கு ஜெர்மனி வரை போகத் தேவை இருக்கவில்லை. 1990 அக்டோபரில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வெளியேற விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. வடக்கு முழுவதிலுமிருந்து பல்லாயிரக்கணக்கானோர் அந்த நாட்களில் விரட்டப்பட்டார்கள். தமிழ் பேசியவர்கள், பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள். நீங்களும் நானும் அதைச் செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் இந்த நாட்டில் இத்தனை வருடமாக எந்த மேடையில் அதைப் பற்றி நாம் கதைத்திருக்கிறோம்? உங்கள் அறிவித்தலை அந்த வெளியேற்றத்துக்குச் சமமாக வைக்க நான் வரவில்லை. அது அநியாயம். நம்மவர், வெளியார் என்று இரண்டு பெட்டி வைத்துச் சனத்தைப் பிரிக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அப்படியானால் ஒன்றாயிருப்பது என்பதுதான் என்ன? இங்கே நான்சி, ஜோர்ஜ் பத்தாய் என்ற முந்தைய தலைமுறைப் பிரெஞ்சு எழுத்தாளரிடம் போகிறார். பத்தாய் 1930களில் ‘அசெஃபால்’ என்ற பெயரில் ஒரு சஞ்சிகையும் ஓர் இரகசியக் குழுவும் நடத்தியவர். தலையில்லாத மனிதன் அதன் சின்னம். நரபலி கொடுக்க யோசித்தார்கள், பலியாகப் பலர் தயாராக இருந்தும் வெட்ட ஒருவரும் முன்வரவில்லை என்று ஒரு கதை கூட உண்டு. (இதைச் சொன்னபோது வட்டத்தில் அரை மணி நேரம் வேறு எதுவும் நடக்கவில்லை.) 1939இல் அந்தக் குழு கலைந்துவிட்டது. அந்தத் தோல்வியிலிருந்து நான்சி எடுத்துக்கொண்டது இதுதான்: நம்மை ஒன்றாக்குவது பொதுவான இரத்தமோ சாரமோ கிடையாது. ஒவ்வொருவரும் சாகப்போகிறவர், தனியாக முடிந்துபோகிறவர். அந்த முடிவை நான் என் சாவில் அறிய முடியாது, இன்னொருவர் சாவில்தான் அறிகிறேன். அங்கேதான் நாம் ஒருவருக்கொருவர் திறந்து கிடக்கிறோம். அதை யாரும் கட்டமுடியாது, யாரும் பூட்டவும் முடியாது.

எங்கள் வட்டத்துக்கு ஒழுங்காக வந்த, இங்கே சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஐயா ஒருவர் இறந்தபோது என்ன நடந்தது என்று பொருளாளருக்குத் தெரியும். நகரசபை அலுவலகத்துக்கும் வைத்தியசாலைக்கும் என்னோடு அலைந்தவர், அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் மாலி நாட்டுக்காரர். இரவு வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தகனத்துக்கு வந்தார். சங்கத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. இப்போது அவர் வெளியார், மலர்வளையம் நம்மவர்.

பிளான்ஷோவிடம் வருகிறேன். 1962 பெப்ரவரி 8ஆம் திகதி, பிரான்சிடமிருந்து விடுதலை கேட்டு நடந்த அல்ஜீரியப் போரின் கடைசி மாதங்களில், போரை நீடிக்க வெடிகுண்டு வைத்துக்கொண்டிருந்த தீவிர வலதுசாரிகளுக்கு எதிராகப் பாரிஸில் ஊர்வலம் நடந்தது. ஷாரோன் மெட்ரோ நிலைய வாசலில் பொலிஸ் தாக்கியதில் ஒன்பது தொழிற்சங்கத்தவர் இறந்தார்கள். 13ஆம் திகதி அவர்களுடைய இறுதி ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கான சனம் பெர் லஷேஸ் மயானத்தை நோக்கி நடந்தது. பிளான்ஷோ அதை 1968 மே மாத மாணவர், தொழிலாளர் கிளர்ச்சியோடு சேர்த்து நினைவுகூர்கிறார். தலைவர் இல்லை, திட்டம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. இறந்தவர்களோடு நடக்கவேண்டும் என்று வந்தார்கள், நடந்தார்கள், கலைந்துபோனார்கள். எதையும் நிறுவி வைக்காமல் கலைந்ததே அந்தக் கூட்டத்தின் பலம் என்பது அவருடைய பார்வை.

இதை நான் தமிழில் விளக்கி முடித்ததும், நாங்கள் எல்லோரும் நெகிழ்ந்துபோய் இருந்தோம். அப்போது, மேல்மாடியில் குடியிருக்கும் அல்ஜீரிய அம்மா (நீங்கள் வெளியார் என்று சொல்பவர்களில் முதலாமவர்) பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்டார். “அந்தச் சனம் எல்லாம் நாலு மாதத்துக்கு முன்னால் எங்கே இருந்தது?”

அவர் கேட்டது 1961 அக்டோபர் 17ஐப் பற்றி. அல்ஜீரியர்கள் மட்டும் இரவில் வெளியே திரியக்கூடாது என்று போட்ட உத்தரவை எதிர்த்து, அல்ஜீரியத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகப் பாரிஸ் தெருக்களில் இறங்கிய இரவு அது. அன்றும், பிறகு ஷாரோனிலும், பாரிஸ் பொலிஸ் தலைவர் ஒரே ஆள்தான்: மொரிஸ் பப்போன். எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பது இன்னமும் தீராத சர்ச்சை. செய்ன் ஆற்றில் தூக்கி வீசப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பெர் லஷேஸ் வரை நடக்க லட்சம் பேர் வரவில்லை. அந்த அம்மாவின் தகப்பன் அன்று ஊர்வலத்துக்குப் போய் உடைந்த கையோடு வீடு திரும்பியவர். அவர் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதே சாகும் தறுவாயில்தானாம்.

பிளான்ஷோவின் அழகான பக்கத்தில் ஒரு ஓட்டை இருப்பதை நாங்களாகக் கண்டுபிடித்திருக்கமாட்டோம். எனக்குப் பாரிஸ் எட்டாம் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர்களும் இதை இப்படிக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எங்கள் மேசையில் இருந்த தமிழ்ப் பெடியன் ஒருவன், முள்ளிவாய்க்காலுக்கு நாம் இங்கே தெருவில் இறங்கியபோது மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று எப்போதும் கேட்கிறோம், மற்றவர்களின் எந்தச் சாவுக்கு நாம் இறங்கினோம் என்று கேட்டான். அன்று கூட்டம் முடிய இரவு பத்து மணி தாண்டிவிட்டது. செயலாளரின் கேள்விக்கு என் பதில் இதுதான்: தத்துவம் இதைச் செய்தது. நம்மவர் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திராது.

தத்துவவாதி ழாக் தெரிதாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய வாழ்க்கையே நம் விவகாரத்துக்கு நெருங்கியது. 1930இல் அல்ஜியர்ஸுக்குப் பக்கத்தில் எல்-பியாரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1940இல், நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு அல்ஜீரிய யூதர்களின் பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறித்தது. 1942இல் அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றினார்கள். துரத்தப்பட்ட யூத ஆசிரியர்கள் சேர்ந்து நடத்திய பள்ளிக்கூடத்தில் வீட்டார் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் அவரால் ஒட்டமுடியவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் கள்ளமடித்தார். துரத்தியவர்களும் வேண்டாம், துரத்தப்பட்டதால் சுருண்டு மூடிக்கொண்ட தன்னவர்களும் மூச்சுமுட்டுகிறது என்ற அந்தப் பையனின் அவதி அவரை விட்டு ஒருபோதும் போகவில்லை. இங்கே பிறந்த நம் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏன் சங்கத்துக்கு வருவதில்லை என்று நீங்கள் வருடாவருடம் கேட்கிறீர்கள். பதில் அங்கே இருக்கிறது.

1994இல் நட்பின் அரசியலைப் பற்றி எழுதிய புத்தகத்தில் தெரிதா நான்சியையும் பிளான்ஷோவையும் கூட விட்டுவைக்கவில்லை. இவர்கள் சகோதரத்துவம் என்று பேசும்போதெல்லாம் ஏன் சகோதரன் மட்டும் வருகிறான், சகோதரி எங்கே என்று கேட்டார். உங்கள் நிர்வாகக் குழுவில் ஒரு பெண் கூட இல்லை. சமையலறையில் எல்லா விழாவுக்கும் இருக்கிறார்கள்.

நகரசபையைப் பற்றியும் பேசவேண்டும், ஏனென்றால் அறிவித்தலுக்கு உண்மையான காரணம் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். மானியம் கேட்கப் போகும்போதெல்லாம், நீங்கள் உங்களுக்குள்ளேயே மூடிக்கொள்கிறீர்கள் என்று குத்திக்காட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அது அவமானம்தான். இந்தக் குடியரசுக்கு அந்தப் பயம் பழையது. 1789 டிசம்பரிலேயே, புரட்சிக் காலத்துத் தேசிய சபையில் கிளெர்மோன்-தொனேர் என்ற உறுப்பினர் சொன்னார்: யூதர்களுக்குத் தனி இனமாக எதுவும் கொடுக்கக்கூடாது, தனி மனிதர்களாக எல்லாம் கொடுக்கவேண்டும் என்று. 2021 ஆகஸ்ட் 24ஆம் திகதிச் சட்டம் வரை அதே குரல்தான். அந்தச் சட்டத்தால் மானியம் வாங்கும் ஒவ்வொரு சங்கமும் குடியரசின் கொள்கைகளை மதிப்போம் என்ற ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடவேண்டியிருக்கிறது. நான்சி இறந்தது அதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 23. சரியாக 25 வருடத்துக்கு முன்பு, 1996இல் அதே ஆகஸ்ட் 23 காலையில்தான் பாரிஸ் லாச்சப்பலில் நம் கடைத்தெருவுக்கு நடந்துபோகும் தூரத்தில், சென் பெர்னார் தேவாலயத்தின் கதவைக் கோடரியால் உடைத்துப் பொலிஸ் உள்ளே போனது. உள்ளே இருந்தவர்கள் விசா இல்லாத ஆபிரிக்கர்கள், குழந்தைகளோடு. நாட்கள் இப்படிப் பொருந்துவது தற்செயல். ஆனால் நம் கடைத்தெருவில் அன்று எத்தனை பேரிடம் ஒழுங்கான பேப்பர் இருந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. தத்துவவாதி எத்தியேன் பலிபார் மறு வருடம், அந்த விசா இல்லாதவர்களுக்கு இந்த நாட்டின் பிரஜைகள் கடன்பட்டிருக்கிறார்கள் என்று பேசினார். பிரஜைகளே கடன்பட்டிருந்தால், அவர்கள் திறந்துவிட்ட வழியில் பின்னால் வந்து பேப்பர் எடுத்த நாம் எவ்வளவு?

குடியரசு குத்திக்காட்டுவதற்குப் பதிலாக நாம் கதவைச் சாத்திக்கொள்வது, அவர்கள் சொன்னதை நாமே நிரூபித்துக் கொடுப்பது. சங்கம் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தில் சமத்துவமும் பாகுபாடின்மையும் இருக்கின்றன. உங்கள் அறிவித்தலைப் படம் பிடித்து நகரசபைக்கு அனுப்பினால் மானியம் என்னவாகும் என்று எனக்கும் தெரியும். அனுப்பமாட்டேன். இது நமக்குள் தீர்க்கவேண்டியது.

கடைசியாக, வியர்வை சிந்திக் கட்டியது என்ற பேச்சு. உழைப்பை நான் மறுக்கவில்லை. அந்த மண்டபத்துக்குச் சுவர்ப்பூச்சுப் பூசியவர்களில் நானும் ஒருவன். ஆனால் நான்சியின் இதயத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் அவருக்கு வேறொருவரின் இதயத்தைப் பொருத்தினார்கள். 2000இல் அதைப் பற்றி ஒரு சின்னஞ்சிறு புத்தகம் எழுதினார். அவருடைய சொந்த இதயம்தான் அவரைக் கைவிட்டது. வெளியிலிருந்து வந்ததுதான் காப்பாற்றியது. அந்த வெளியாளை உடம்பு தாக்காமல் இருக்க, உடம்பின் சொந்த எதிர்ப்பு சக்தியையே மருந்தால் தணிக்கவேண்டி வந்தது. அதனால் வேறு நோய்கள் வந்தன, புற்றுநோயும் வந்தது. அவர் எதையும் இனிப்பாக்கிச் சொல்லவில்லை. அந்நியரை ஏற்பது நோவில்லாத காரியம் என்று சொல்லவில்லை. வந்தவர் அந்நியராக இருப்பதை முழுக்கத் துடைத்துவிட்டு ஏற்பது ஏற்பதே கிடையாது என்று சொன்னார். அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் உயிரோடு இருந்து எழுதினார். எங்கள் வட்டத்திலும் சங்கடங்கள் இருந்தன. மொழி விளங்காமல் ஆளுக்காள் பொறுமை இழந்தோம். ஒரு தடவை மதத்தைப் பற்றிய பேச்சு சண்டையாகி இருவர் எழுந்து போனார்கள். அடுத்த மாதம் இருவரும் திரும்பி வந்தார்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. அறிவித்தலைக் கழற்றுங்கள். ஞாயிறு மாலை மண்டபத்தை முன்புபோல வாசிப்பு வட்டத்துக்குத் தாருங்கள், வருபவர் யார் என்ற கேள்வி இல்லாமல். மின்சாரச் செலவை நாங்களே கட்டுகிறோம். இப்படி ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று குழு உண்மையிலேயே நினைத்தால், அதை அடுத்த பொதுக்கூட்டத்தில் வையுங்கள். எல்லா உறுப்பினரும், சந்தா கட்டும் பெண்களும் 18 வயது தாண்டிய பிள்ளைகளும், இரகசிய வாக்கு மூலம் முடிவெடுக்கட்டும். சங்கம் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது. யாப்பில் உறுப்புரிமைக்கு இனம் ஒரு நிபந்தனையாக எங்கும் எழுதப்படவில்லை. அப்படியே இருக்க விடுங்கள். சந்தா கட்டத் தயாராக இருக்கும் அந்த அல்ஜீரிய அம்மாவின் விண்ணப்பத்தையும் மாலிக்காரரின் விண்ணப்பத்தையும் நான் இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். ஏற்பதாயினும் மறுப்பதாயினும், காரணத்தோடு, பொதுக்கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். பதில் அவர்கள் இருவர் பெயருக்கும் தனித்தனியே, அவர்களுக்கு விளங்கும் பிரெஞ்சு மொழியில் போகவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் சந்தா கட்டும் உறுப்பினன்